வெளியே அடக்கிவைத்து வீட்டுக்குள் போன நாய்: நான்கு வயதுச் சிறுநாயைப் பழக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீளமான முடி கொண்ட கலப்பினச் சிறுநாய். பெண், கருத்தடை ஆனது, வயது ஏறத்தாழ நான்கு, எடை 4.1 கிலோ. முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குட்டி போடுவதற்கென்றே கூண்டில் அடைத்து வளர்க்கப்பட்டது. கூண்டின் அடியில் எப்போதும் பழந்துணி விரித்திருக்கும். தின்றது, தூங்கியது, சிறுநீர் மலம் கழித்தது எல்லாம் அந்தத் துணியில்தான். மண்ணும் புல்லும் காலில் பட்டதே இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் உண்டு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி செல்லும் மகன். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் கணவரின் தாயார். பாட்டி என்றே இங்கு குறிப்பிடுகிறோம். எங்களிடம் உதவி கேட்டு வந்தபோது நாய் அங்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நாளொன்றுக்கு நான்கைந்து முறை வீட்டுக்குள் சிறுநீர், ஒரு முறையாவது மலம். இதுதான் அவர்கள் சொன்ன குறை. குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடி, சோபா முன்னால் உள்ள விரிப்பு, மகனின் படுக்கை ஆகியவையே பெரும்பாலும் நனையும். நாற்பது நிமிடம் நடத்திக் கூட்டிவந்தாலும் வெளியே ஒரு சொட்டுகூட விடாமல், வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் போய்விடும். "வேணும்னே பண்றா, திட்டினா மூஞ்சியைப் பாருங்க, தப்புப் பண்ணினது தெரியுது" என்றார் கணவர்.

ஐந்து மாதத்தில் அவர்கள் செய்து பார்த்தவை பல. நனைந்த இடத்துக்கு இழுத்துப்போய் மூக்கை அழுத்தியிருக்கிறார்கள். செய்தித்தாளைச் சுருட்டித் தட்டியிருக்கிறார்கள். மூன்று அறைகளிலும் சிறுநீரை உறிஞ்சும் பேடு விரித்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் தாங்களாகவே சொன்னார்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை: மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். மூன்றாவது சந்திப்பில், வேறு எதையோ பேசும்போது பாட்டி வாயிலிருந்து தற்செயலாக வந்தது. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி உறுத்தும், அடிக்கடி வெளியேறிக் கிருமிகளைக் கழுவிவிடும் வேலையும் குறையும். வளர்ந்த நாயைப் பழக்குவதில் தண்ணீரை மறுப்பதற்கு இடமே இல்லை. கிண்ணம் அன்றே பழைய இடத்துக்குத் திரும்பியது.

முதலில் மருத்துவப் பரிசோதனை

பயிற்சி எதையும் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் அனுப்பப்பட்டது. வளர்ந்த நாய் வீட்டை நனைக்கிறது என்றால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. சிறுநீர்ப்பைத் தொற்று, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கருத்தடை ஆன பெண் நாய்களுக்கு வரும் சிறுநீர்க் கசிவு ஆகிய எதுவாக இருந்தாலும் வெளிப்பார்வைக்கு எல்லாம் 'பழக்கமில்லாத நாய்' போலவே தெரியும்.

வழக்கமாகக் காலையில் நாய் உட்காரும்போது நீளக் கைப்பிடிக் கரண்டியை அடியில் நீட்டிச் சிறுநீர் பிடிக்கச் சொல்வார்கள். இந்த நாய் ஆள் பக்கத்தில் நின்றால் போவதே இல்லை என்பதால் மூன்று நாள் முயன்றும் கிடைக்கவில்லை. (அதுவே ஒரு தடயம். அப்போது அதன் பொருள் யாருக்கும் உறைக்கவில்லை.) கடைசியில் ஸ்கேன் பார்த்தபடி மருத்துவரே ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுத்தார். கிருமி வளர்ச்சிச் சோதனைக்கு அப்படி எடுப்பதுதான் நம்பகமானதும்கூட. தரையின் அழுக்கோ உடம்பின் அழுக்கோ கலக்காது.

சோதனை முடிவில் சிறுநீரில் வெள்ளணுக்களும் பாக்டீரியாவும் இருந்தன. ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீரின் அடர்த்தி) 1.042. நாய்களுக்கு 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் தண்ணீரைச் சரியாகவே மீட்டுக்கொள்கிறது என்று கொள்ளலாம். இரத்தச் சோதனையிலும் குறை இல்லை. தண்ணீரை அளவிட்டு ஊற்றி, மறுநாள் மீதியைக் கழித்துப் பார்த்ததில் நாளொன்றுக்கு 210 முதல் 240 மில்லி குடித்தது. கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி என்பது வழக்கமான அளவுதான். நூறைத் தாண்டினால்தான் நோய் தேட வேண்டும். படுத்து எழுந்த இடம் ஒருநாளும் ஈரமாக இல்லை என்பதால் கசிவும் இல்லை.

தொற்றுக்கு ஐந்து நாள் மாத்திரை. அது முடிந்ததும் எண்ணிக்கை நாளுக்கு ஐந்திலிருந்து மூன்று, மூன்றரை என்று இறங்கியது. ஆனால் போகும் இடங்கள் மாறவில்லை. இந்த நிகழ்வில் உதவிய முதல் தெளிவு இதுதான். மருந்து தீர்த்தது அவசரத்தை, இடத்தை அல்ல. எஞ்சியிருப்பது பழக்கம் என்று இனிமேல்தான் துணிந்து சொல்ல முடிந்தது.

ஏழு நாள் பதிவேடு

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மணி, இடம், சிறுநீரா மலமா, எவ்வளவு (உள்ளங்கை அளவா, அதற்கு மேலா), அதற்கு முன் என்ன நடந்தது, அறையில் யார் இருந்தார்கள் என்று ஆறு கட்டங்கள். பழைய கைபேசி ஒன்றைக் கூடத்தில் சாய்த்துவைத்துப் பகலில் படம் பிடித்தார்கள். அந்த ஒரு வாரம் வேறு எதையும் மாற்றவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்தச் சொன்னோம்.

ஏழு நாளில் வீட்டுக்குள் 23 முறை சிறுநீர். அதில் 19 துணியின் மேல், 3 பேடின் மேல், 1 வெறுந்தரையில். வெளியே இரண்டே முறை. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்தரை வரை, ஏழு இரவுகளில் ஒரே ஒரு முறைதான் போயிருந்தது. ஆறரை மணி நேரம் தாங்கும் சிறுநீர்ப்பை பகலில் மட்டும் தாங்காமல் போகாது. 'சின்ன நாய், அடக்க முடியாது' என்ற எண்ணத்தை அந்த ஒரு வரி விலக்கியது.

உண்மையைக் காட்டியது படம்தான். நடை முடிந்து உள்ளே வந்த நாய் தண்ணீர் குடிக்கிறது. கூடத்தில் பாட்டி இருக்கும்வரை ஓரமாகப் படுத்திருக்கிறது. பாட்டி சமையலறைக்குள் போனதும் எழுகிறது, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது, குளியலறை மிதியடியை முகர்ந்து இரண்டு சுற்று சுற்றி உட்காருகிறது. எட்டு வினாடி. பாத்திரச் சத்தம் கேட்டதும் பாதியில் எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. 23இல் 22 முறை ஆள் பார்வையில் இல்லாதபோது நடந்தவை. வெளியே போன அந்த இரண்டும் பாட்டி கைபேசியில் பேசிக்கொண்டே வேறு பக்கம் திரும்பி நின்றபோது நடந்தவை.

அப்படியானால் இந்த நாய் பழக்கப்படாத நாய் அல்ல. இரண்டு பாடங்களை மிக நன்றாகப் படித்த நாய். துணிதான் கழிப்பிடம் என்பது கூண்டு கற்றுத்தந்தது. குட்டிகள் ஏழெட்டு வாரத்திலேயே காலுக்குப் பழகிய தரையைத் தேடத் தொடங்கிவிடும். இதற்கோ அந்தப் பழக்கத்துக்கு மேல் மூன்றாண்டு ஓடியிருக்கிறது. மனிதர் முன்னால் சிறுநீர் கழித்தால் ஆபத்து என்பது இந்த வீடு கற்றுத்தந்தது. கயிற்றின் மறுமுனையில் மனிதர் நிற்கிறார். அவர் இரண்டு மீட்டரில் நிற்கும்வரை வெளியே எப்படிப் போகும்?

கணவர் சொன்ன 'குற்றம் தெரிந்த முகம்' பற்றியும் பேச வேண்டியிருந்தது. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாய் உண்மையில் தப்புச் செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் வரவில்லை. உரிமையாளர் அதட்டியதைப் பொறுத்தே வந்தது. காதைப் பின்னுக்கு மடித்து, கண்ணை ஒதுக்கி, உடம்பைக் குறுக்குவது சமாதானக் குறி. இதை விளக்கியபோது அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு படத்தை மறுபடி போடச் சொல்லி, நாய் திரும்பிப் பார்க்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அதன் பின் அவரைத் தனியாக இணங்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இலக்கு முதலில் மாற்றப்பட்டது. 'வீட்டுக்குள் எத்தனை முறை' என்று எண்ணுவதை ஓரமாக வைத்துவிட்டு, 'ஆள் பக்கத்தில் நிற்கும்போது வெளியே எத்தனை முறை' என்று எண்ணச் சொன்னோம். முதல் எண்ணை அடைத்துவைத்தே குறைத்துவிடலாம். அதனால் நாய் எதையும் கற்றிருக்காது. இரண்டாவது எண் ஏறினால்தான் பயம் இறங்குகிறது என்று பொருள்.

துணி அத்தனையும் தரையிலிருந்து எடுக்கப்பட்டது. மிதியடி, விரிப்பு, தரையில் கிடக்கும் பை, அழுக்குத் துணிக் குவியல் எல்லாம். படுக்கையறைக் கதவுகள் மூடியே இருக்க வேண்டும். பேடுகளும் போயின. மாடி வீட்டில் சிறுநாய்க்கு ஒரே இடத்தில் பேடோ தட்டோ வைத்துப் பழக்குவது தவறில்லை. அதை நிரந்தரத் தீர்வாகக் கொண்டு நன்றாக வாழும் நாய்கள் உண்டு. ஆனால் காலுக்குப் பேடும் துணிதான். துணியை மறக்க வேண்டிய நாய்க்கு மூன்று அறையில் பேடு விரிப்பது மிதியடியையே திரும்பத் திரும்பக் காட்டுவதாகும்.

சுத்தம் செய்வதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கப்பட்டது. இரவில் விளக்கணைத்து யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பார்த்ததில் குடும்பத்தார் அறியாத பதினான்கு இடங்கள் பளிச்சிட்டன: சோபாவின் பின்கால், கட்டிலுக்கு அடி, திரைச்சீலையின் விளிம்பு. நாலு கிலோ நாய் விடுவது சிறு குட்டை. பாதி கண்ணில் படாமலே காய்ந்துவிடும். மாப் போட்ட தரை நமக்கு மணக்காது, நாய்க்கு மணக்கும். ஒவ்வோர் இடத்தையும் முதலில் வெறும் தண்ணீரால் துடைத்து எடுத்து, பிறகு சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் க்ளீனரைத் தாராளமாக ஊற்றி, பதினைந்து நிமிடம் ஈரமாகவே விட்டு, தானாகக் காயவிட வேண்டும். தண்ணீரால் துடைப்பதைத் தவிர்த்தால் ஏற்கெனவே அங்கிருக்கும் பினாயில் போன்றவை என்சைமைக் கெடுத்துவிடும். மேலாகத் தெளித்து உடனே துடைப்பதும் வீண். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். அமோனியா கலந்த க்ளீனர் சிறுநீரின் நெடியையே கூட்டும். ப்ளீச்சைச் சிறுநீர் மேல் நேராக ஊற்றினால் எரிச்சலூட்டும் நச்சுவாயு கிளம்பும். நீராவி அடித்தால் துணியில் கறையும் நாற்றமும் இன்னும் அழுந்தப் பிடித்துக்கொள்ளும்.

கூண்டு வேண்டாம் என்று முடிவானது. தூங்கும் இடத்தை நனைக்க நாய் தயங்கும் என்பதை நம்பித்தான் கூண்டுப் பயிற்சியே நிற்கிறது. கூண்டிலேயே கழித்து வளர்ந்த நாய்க்கு அந்தத் தயக்கம் தேய்ந்துபோயிருக்கும். கதவு மூடியதும் பதறவும் பதறியது. பதிலாகக் கூடத்திலேயே, ஆட்கள் நடமாடும் இடத்தில், 90 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் தடுப்பு வேலி. உள்ளே மெத்தை இல்லை. தரையிலிருந்து உயர்ந்து, வலை கட்டிய கால்கட்டில். துணி என்ற ஒன்று காலில் படவே கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. வேலிக்கு வெளியே இருக்கும்போது 1.5 மீட்டர் கயிறு யாராவது ஒருவர் இடுப்பில்.

உணவு காலை ஆறரை, மாலை ஆறரை என இரண்டு வேளை. பதினைந்து நிமிடம் கழித்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் தட்டு நிறைந்திருந்தால் மலம் வரும் நேரத்தைக் கணிக்க முடியாது. தண்ணீர் எப்போதும் இருக்கும். வெளியே கூட்டிப்போகும் நேரங்கள்: காலை ஆறு, ஆறே முக்கால், பத்தரை, ஒன்றரை, நாலரை, ஏழு, இரவு பத்தரை. நாய் பொதுவாகத் தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பதினைந்து முப்பது நிமிடத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும் போகும் என்பதை ஒட்டி இவை குறிக்கப்பட்டன.

வெளியே செய்ய வேண்டியது கொஞ்சம். செய்யக் கூடாததுதான் அதிகம். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ். 3 மீட்டர் லேசான கயிறு. வாசலிலிருந்து ஏறக்குறைய இருபது மீட்டரில், ஆள்போக்கு இல்லாத ஒரே மண் மூலை. அங்கே பழைய குளியலறை மிதியடியிலிருந்து 30 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிய துண்டு, துவைக்காமல். பழகிய தரையை வெளியே கொண்டுபோய் மெல்லச் சுருக்குவதே திட்டம். ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, 'போ போ' என்று ஏவக் கூடாது. ஏழு நிமிடம். போகவில்லையென்றால் சுற்றாமல் மேலே வந்து வேலிக்குள் இருபது நிமிடம், பிறகு மறுபடி. போனால்தான் நடை. முன்பு தலைகீழாக நடந்தது: எப்போதாவது வெளியே போனதும் 'வேலை முடிந்தது' என்று திரும்பிவிடுவார்கள். போகாமல் இருக்கும்வரை ஊர் சுற்றலாம் என்றல்லவா நாய் கற்றிருக்கும்!

போய் முடித்து உடம்பை நிமிர்த்திய இரண்டு வினாடிக்குள் வேகவைத்த கோழித் துணுக்கு மூன்று, ஒவ்வொன்றாக. பட்டாணி அளவுதான், நாலு கிலோ நாய்க்குத் துணுக்குகள் நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கையிலிருந்து நீட்டாமல் தரையில் போட வேண்டும், ஏனென்றால் நீளும் கையைக் கண்டால் இது பின்வாங்கியது. பாதியில் கொடுத்தால் பாதியில் நிறுத்திவிட்டு வரும். மீதி வீட்டுக்குள் விழும்.

வீட்டுக்குள் நடந்துவிட்டால்? கண் முன்னால் என்றால் மெல்லப் பேர் சொல்லிக் கயிற்றோடு வெளியே. பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுத் தாளில் எழுதுவது.

தொடர்ந்து நடந்தவை

முதல் மூன்று நாள் வெளியே ஒரு துளி இல்லை. இரண்டாம் நாள் காலையிலிருந்து ஒன்பது மணி நேரம் அடக்கிவைத்து, லிஃப்ட் தரையில் விட்டது. குடும்பம் கலங்கியது. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் முறையைக் கைவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் போகவில்லை, அல்லது முக்கியும் வரவில்லை என்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்று எல்லை குறித்துக் கொடுத்திருந்தோம். அந்த எல்லையைத் தொடவில்லை.

நான்காம் நாள் காலை ஆறுக்குச் சற்று முன், பாட்டியோடு. துணியை முகர்ந்தது, சுற்றியது, நின்றது. பாட்டி சுவரைப் பார்த்தபடி நின்றார். மறுபடி சுற்றி, வால் தாழ்ந்து, பின்னங்கால்கள் துணியின் மேல் அகன்றன. முழுதாகப் போய் முடித்தது. ஐந்து மாதக் கவலை கரைந்த மகிழ்ச்சியில் பாட்டி "சபாஷ்டி கண்ணு!" என்று கை தட்டிவிட்டார். நாய் கயிறு இழுபடும் தூரம்வரை ஓடி ஒடுங்கியது. அன்று முழுவதும் அந்த மூலையில் அது உட்காரவே இல்லை. பாராட்டு என்று நாம் நினைப்பது பயந்த நாய்க்கு அதட்டலின் இன்னொரு சத்தம்தான். மறுநாளிலிருந்து வாய் மூடி, துணுக்கு மட்டும்.

முதல் வாரம் வெளியே 4, உள்ளே 20. இரண்டாம் வாரம் வெளியே 13, உள்ளே 10. அந்த வாரம் நன்றாகப் போகிறதே என்று பத்தாம் நாள் துணியை 30 சென்டிமீட்டரிலிருந்து ஒரேயடியாக 10 ஆக வெட்டினார்கள். தொடர்ந்து இரண்டு முறை போக மறுத்தது. 20 சென்டிமீட்டருக்குத் திரும்பி, சிறிது சிறிதாகக் குறைத்து, மேலே மண்ணும் சருகும் தூவி, பதினெட்டாம் நாள் துணியே இல்லாமல் போனது. மூன்றாம் வாரம் வெளியே 20, உள்ளே 4. இந்த வாரம்தான் ஏவல் சொல் சேர்க்கப்பட்டது: உட்கார்ந்து போகத் தொடங்கும்போது தாழ்ந்த குரலில் 'உச்சா' என்று ஒரே முறை. உட்காருவதற்கு முன்பே சொல்லத் தொடங்குபவர்கள் வெறும் இரைச்சலைத்தான் கற்றுத்தருகிறார்கள்.

நான்காம் வாரம் வெளியே 23, உள்ளே 2. வெளியே போய்வந்த பின் அரைமணி நேரம் கூடத்தில் கயிறின்றி விடப்பட்டது.

ஐந்தாம் வாரம் சறுக்கல். வீட்டுக்கு விருந்தினர் வந்தனர்; தரையில் வைத்திருந்த துணிப்பையில் நாய் போய்விட்டது. கணவர் தன்னை மறந்து குரல் உயர்த்தினார். ஒரே முறை, அடிக்கவில்லை. அதன் பின் மூன்று நாள் அவரோடு வெளியே போனால் மட்டும் நாய் அடக்கியது. பாட்டியோடும் மகனோடும் வழக்கம்போலப் போனது. அந்த வாரம் வெளியே 17, உள்ளே 8. பயம் இடத்தோடு மட்டுமல்ல, ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். எல்லோரோடும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியதை நாம் ஒட்டுமொத்தமாக எண்ணியிருந்தோம். கணவர் ஐந்து நாள் பாட்டிக்கு ஐந்து மீட்டர் பின்னால் மட்டும் நடந்தார். நாய் போய் முடித்ததும் துணுக்கைத் தொலைவிலிருந்தே எறிந்தார். ஆறாம் நாள் கயிறு அவர் கைக்கு மாறியபோது நாய் உட்கார்ந்தது.

மலம் தனிப் பிரச்சினையாக எஞ்சியது. சிறுநீர் ஏறக்குறைய சரியான பிறகும் ஏழாவது வாரம்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மலம் சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. தாளைப் பார்த்தால் எல்லாம் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே. காரணம் எளிது. பள்ளி, அலுவலக அவசரத்தில் ஆறே முக்கால் நடை, சிறுநீர் போனதும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மலம் வரக் குடலுக்கு அசைவு வேண்டும். இந்த நாய்க்கு எட்டு பத்து நிமிடம் வேக நடை. காலை உணவுக்குப் பிந்திய நடையைப் பாட்டியிடம் ஒப்படைத்து, பதினைந்து நிமிடமாக நீட்டியதும் ஒரு வாரத்துக்குள் அடங்கியது.

பத்தாம் வாரத்தையொட்டித் தொடர்ந்து ஒன்பது நாள் வீடு உலர்ந்திருந்தது. நான்காம் மாதத்தில் இரண்டே முறை. இரண்டும் மழை நாள். நிலத்துக்கு இவ்வளவு நெருக்கமான வயிறு கொண்ட நாய்க்கு நனைந்த மண்ணில் உட்காருவதென்றால் வயிறே நனைவது. அடிவயிற்று முடியையும் பின்னங்கால் முடியையும் கத்தரித்து, மழைக்கென்று கூரையடியில் ஒரு மூலையை, மழையில்லாத நாட்களிலேயே பழக்கினார்கள்.

மீண்டும் செய்தால் மாற்றுவது

கைபேசிப் படத்தை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். மருத்துவருக்குச் சிறுநீர் பிடிக்க முயன்ற மூன்று நாளும், 'ஆள் இருந்தால் போகாது' என்று நாய் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்டிருக்க வேண்டும்: 'தண்ணீர் எந்த நேரம் இருக்கும், எந்த நேரம் இருக்காது?' 'தண்ணீர் கொடுக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

எண்ணிக்கைத் தாளில் ஆளுக்கொரு வரிசையும், சிறுநீருக்கும் மலத்துக்கும் தனித்தனிக் கட்டமும் தொடக்கத்திலிருந்தே வைத்திருந்தால் கணவரோடு நாய் மற்றவர்களைவிடக் குறைவாகவே போகிறது என்பது இரண்டாம் வாரமே தெரிந்திருக்கும். பின்னர் பழைய தாள்களைப் புரட்டியபோது அது அங்கேயே இருந்தது, கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிட்டது. 'மூன்று வாரத்தில் தெரியும்' என்று குடும்பத்துக்குச் சொன்னதும் தவறு. நாட்கணக்குக் கேட்டவர்கள் ஐந்தாம் வாரச் சறுக்கலைத் தோல்வியாக எடுத்துக்கொண்டார்கள். இத்தகைய நாய்க்கு மூன்று நான்கு மாதம் என்றே இப்போது சொல்கிறோம், நடுவில் ஒரு சறுக்கலாவது வரும் என்பதையும் சேர்த்து.

விருந்தினர் வரும் நாளுக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்யவில்லை என்பது நம் விடுபடல். நாய் வேலிக்குள், பைகள் கொக்கியில் என்று முன்பே சொல்லியிருந்தால் போதும்.

ஆறாம் மாத நிலவரம்

விரிப்புகள் மூன்று வாரத்துக்கு ஒன்றாகத் திரும்ப வந்தன. சோபா விரிப்பு, பிறகு மகனின் அறை. வேலி மடித்து வைக்கப்பட்டுவிட்டது. நடைகள் நாளுக்கு ஐந்தாகக் குறைந்தன. வீட்டில் உள்ள நால்வரில் யார் கூட்டிப்போனாலும் நாய் வாசலைத் தாண்டிய சில நிமிடங்களில் போகிறது. குளியலறை மிதியடி மட்டும் இன்னும் தரைக்கு வரவில்லை. குளித்துவிட்டு வருபவர் அதை எடுத்துக் கம்பியில் போட்டுவிடுகிறார்.